காலுக்குக் கீழே கம்பளி

தண்ணி குடுத்தீகளே தம்பி, நல்லாயிருப்பீக. தொண்டை அப்படியே ஒட்டிக்கிருச்சு. நான் இருந்த ஊர்ல இதுக்கு என்ன பேரு தெரியுமா? அப்பா. சிரிக்காதீக, நெசமாத்தான். ருமேனியான்னு ஒரு நாடு. அங்க தண்ணியை 'அப்ப'ம்பான், கடைசியில லேசா ஒரு இழுப்பு இழுப்பான். நம்ம காதுல 'அப்பா'ன்னுதான் விழும். போன அன்னைக்கு ஒருத்தன், தாடியும் மீசையுமா, குவளையை நீட்டிக்கிட்டு என்னையப் பாத்து 'அப்பா, அப்பா'ங்கிறான். இவன் இருக்கிற இருப்புக்கு நான் எப்படிடா இவனுக்கு அப்பன்னு முழிச்சேன்.

என்ன வேலையா? ஆடு மேய்க்கிற வேலை. நாங்க கமுதிப் பக்கம், பரம்பரையா கீதாரிக. ஆட்டை ஓட்டிக்கிட்டு ஊர் ஊராப் போயி, வயக்காட்டுல கிடை போட்டுப் பொழைக்கிற சனம். பூவலிங்கம்னு பேரு. எங்க வம்சத்துல ஆடு மேய்க்க பிளேன் ஏறிப் போனது நான் ஒருத்தன்தான். ஏசென்டு வந்து, "உனக்குத் தெரிஞ்ச தொழில்தான்யா, கண்ணை மூடிக்கிட்டுப் போ"ன்னான். கண்ணை மூடிக்கிட்டுத்தான் போனேன். என்னத்தச் சொல்ல.

தெரிஞ்ச தொழில்னு போனா அங்க செம்மறியில பால் கறக்கிறான் தம்பி. நம்ம பக்கம் செம்மறிப் பால் குட்டிக்குத்தான். நான் பொறந்ததுலருந்து ஆட்டோட கிடந்தவன், செம்மறி மடியில கை வச்சதில்ல. அங்க காலையில ஒரு தடவை, மத்தியானம் ஒரு தடவை, பொழுதடைய ஒரு தடவை. விரல் மடங்காது. அந்தப் பாலைக் காய்ச்சி சீஸ் பண்ணுவான். சாப்பாடு மக்காச்சோளக் களி. அது ஒண்ணுதான் நம்ம ஊர் மாதிரி. மத்ததெல்லாம் மலை, நாயி, மழை. ராவுல கரடி வேற வரும். அதெல்லாம் சொன்னா இந்த பஸ்சு திருச்செந்தூர் போனாலும் முடியாது.

மலையில நாங்க மூணே பேரு. நானு, பூர்ணான்னு ஒரு நேபாளிப் பய, அப்புறம் அந்த கவ்ரிலா. தலைமை மேய்ப்பன் அவன்தான். அந்தக் குவளையை நீட்டுனவன். ஆள் எப்படின்னா, இந்த பஸ்சு வாசல்ல நேரா ஏற முடியாது, ஒருக்களிச்சுத்தான் ஏறணும். முதலாளியோட ஜீப்பு ஒரு நாள் சேத்துல இறங்கிருச்சு. நாங்க கயிறைத் தேடிக்கிட்டு இருக்கோம், இவன் பின்னால போயி முதுகைக் குடுத்துத் தூக்கி விட்டுட்டான். உடம்பு வளந்த அளவுக்கு அறிவு வளரல, அதுதான் குறை. உடம்புக்கே எல்லாம் போயிருச்சுன்னா மூளைக்கு என்ன மிஞ்சும், சொல்லுங்க.

எனக்கு அவனை ஆரம்பத்துலருந்தே ஆகாது. எதைச் சொன்னாலும் 'தா'ம்பான். ஆட்டை உள்ள விடவான்னு சைகை காமிச்சா, 'தா'. களி போதுமான்னா, 'தா, தா'. என்கிட்ட என்னடா இருக்கு உனக்குத் தர்றதுக்குன்னு எனக்கு எரிச்சலா வரும். பூர்ணா சொன்னான், அது 'ஆமா'ன்னு அர்த்தம்னு. இருக்கட்டும். ஆமாங்கிறதுக்கே 'தா'ன்னு பேரு வச்ச ஊர்ல குடுக்கிற புத்தி எங்கிட்டு வரும்?

பூர்ணாகூட எப்படிப் பேசுவேன்னு கேக்குறீகளா? நான் சின்ன வயசுல கொஞ்ச காலம் மட்டும் ஆட்டை விட்டுட்டுப் பம்பாயில முறுக்குப் போடுற இடத்துல இருந்தவன், இந்தி கொஞ்சம் ஓடும். பூர்ணா எனக்கு முன்னாடியே அங்க வந்தவன், அவுக பாசை நல்லாப் பேசுவான். கவ்ரிலா சொல்றதை அவன் இந்தியில சொல்வான், அதை நான் மண்டைக்குள்ள தமிழாக்கிக்கிருவேன். பூர்ணா இல்லேன்னா ஊமை கண்ட கனவுதான்.

முதலாளி கீழ டவுன்ல. ஜீப்புல வருவான், சீஸை ஏத்திக்கிட்டுப் போயிருவான். எங்க பாஸ்போட்டு அவன் பீரோவுல. மலை ஏறிட்டா பனி விழுற வரைக்கும் எவனும் இறங்கக் கூடாதுங்கிறது சட்டம். ஏறும்போதே சொல்லித்தான் ஏத்துவான். தலையாட்டிட்டுத்தான் நானும் ஏறுனேன்.

அப்பத்தான் தங்கச்சி போன் பண்ணுச்சு. அங்க போன் எடுக்கிறதே ஒரு பாறை மேல ஏறி நின்னாத்தான். "அண்ணே, அப்பாவுக்கு ஒரு பக்கம் கையும் காலும் இழுத்துக்கிச்சு. உன்னையத்தான் கேக்குறாக. சோறு ஊட்டுனா, பூவலிங்கம் வந்துட்டானாங்கிறாக." அதோட லைனு போச்சு. நான் பாறையைவிட்டு இறங்குனேன். அப்படியே பட்டி ஓரத்துல உக்காந்துட்டேன். வாயில ஒரே வார்த்தைதான் வருது. அப்பா. அப்பா. அப்பா.

இந்தப் பய ஓடி வர்றான். வந்து பாத்தான், திரும்பி ஓடுனான். என்ன பண்ணுனான்னு நெனைக்கிறீக? தண்ணி கொண்டாந்து நீட்டுறான்.

எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவில்ல. தட்டி விட்டேன், குவளை உருண்டு போச்சு. நான் இன்னும் 'அப்பா, அப்பா'ங்கிறேன். பொறுக்கிக்கிட்டு மறுபடி ஓடுறான். ஊத்து ஒண்ணும் பக்கத்துல இல்ல தம்பி, பள்ளத்துல இறங்கி ஏறணும். மறுபடி நிறைச்சுக்கிட்டு மூச்சு வாங்க வந்து நிக்கிறான். ஒருத்தன் அப்பன் சாகக் கிடக்கான்னு அழுகுறான், இவன் தண்ணி தண்ணியாக் கொண்டாந்து கொட்டுறான். அதையும் தட்டி விட்டேன்.

பூர்ணா வந்துதான் வெளக்குனான். அவுக பாசையில அப்பாவுக்கு 'தாத்தா'ன்னு பேராம். தண்ணிக்கு அப்பா, அப்பாவுக்குத் தாத்தா. கோட்டித்தனமான ஊரு. சரின்னு கவ்ரிலாவைப் பாத்து, "தாத்தா, தாத்தா"ன்னு நெஞ்சுல அடிச்சுக் காமிச்சேன். ஒரு பக்கக் கையைத் தொங்கப் போட்டு, வாயைக் கோணிக் காமிச்சேன். அந்தக் கோலத்தை எங்க அப்பா பாத்திருந்தா அங்கயே அடிச்சிருப்பாக.

அவன் தொப்பியைக் கழட்டிட்டான். அப்புறம் ஆட்டுப் பக்கமாப் போயிட்டான். ஒரு வார்த்தை, "சரி, போ"ன்னு சொன்னானா? இல்ல. பூர்ணா போய்க் கேட்டான். முதலாளி விட மாட்டாரு, தான் சொன்னாலும் கேக்க மாட்டாருன்னு சொல்லிட்டானாம். அம்புட்டுத்தான். ஆட்டுக்கு உப்பு வைக்கப் போயிட்டான்.

அதுல பாருங்க, அன்னைக்குப் பொழுதடையவே அடுப்புப் பக்கம் உக்காந்து கதை சொல்றான். வெந்த புண்ணுல வேலைப் பாய்ச்சுறதுன்னா இதுதான். மத்த நாளெல்லாம் வாயைத் திறக்காத பய, அன்னைக்குன்னு கதை. அதுவும் எனக்காம். பூர்ணாவை என் பக்கத்துல உக்காரச் சொல்லி, ஒவ்வொரு வரியா இந்தியில சொல்ல வைக்கிறான்.

கதை என்னன்னா, அந்த மலையில முன்னாடி ஒரு அரக்கன் இருந்தானாம். பனைமரம் மாதிரி இருக்கிற மரத்தையெல்லாம் வேரோட பிடுங்கிருவானாம். ஒரு மேய்ப்பனைப் பிடிச்சுக் கட்டி வச்சு வேலை வாங்குறான். நோஞ்சான் மேய்ப்பன். "என்னால தூக்க முடியாத ஒண்ணை நீ காட்டு, விட்டுர்றேன்"ங்கிறான் அரக்கன். மேய்ப்பன் பாறையைக் காட்டுறான், தூக்கிட்டான். ஆத்துப் பாலத்தைக் காட்டுறான், அதையும் தூக்கிட்டான். கடைசியில மேய்ப்பன் தன் கம்பளியைக் கீழ விரிச்சு, "இது மேல நில்லு. நின்ன காலை எடுக்காம இந்தக் கம்பளியைத் தூக்கு"ன்னுட்டான். அரக்கன் இதென்ன பிரமாதம்னு ரெண்டு முனையையும் பிடிச்சு இழுக்குறான். எப்படி வரும்? இவன் பாரம்தானே இவனை அமுக்குது. எம்புட்டுக்கு இழுக்குறானோ அம்புட்டுக்கு அமுங்குது. மேய்ப்பன் வீட்டுக்குப் போயிட்டான். அரக்கன் இன்னும் இழுத்துக்கிட்டே இருக்கானாம். மலையில இடி இடிச்சா, அவன் முக்குறான்னு சொல்லுவாகளாம்.

கதையாவது பரவாயில்ல. முடிஞ்சதும் இன்னொரு தடவை சொல்லுன்னு பூர்ணாவை விரட்டுறான். அந்தக் கம்பளி இடத்தை மட்டும் திரும்பச் சொல்லச் சொல்றான். சொல்லும்போது என் மூஞ்சியையே உத்துப் பாக்குறான். நான் சிரிக்கிறேனான்னு பாத்திருப்பான். அப்பன் அங்க கிடக்கையில நான் எங்க சிரிக்க? எந்திரிச்சுப் போயிப் படுத்துட்டேன்.

விடியக்காலம் பால் கறக்கும்போதுதான் எனக்குச் சட்டுனு ஒண்ணு தட்டுச்சு. வல்லவனுக்குப் புல்லும் ஆயுதம்பாகள்ல. இவன் சொன்ன கதையை வச்சே இவனைக் கவுத்துருவோமேன்னு. மத்தியானம் முதலாளி சீஸ் எடுக்க வர்ற நாளு. பூர்ணாகிட்ட ரகசியமாச் சொன்னேன், இந்த மாதிரி பந்தயம் கட்டப் போறேன்னு. அவன் கறக்கிறதை நிறுத்திட்டு என்னையப் பாத்தான். "இப்பத்தான் வெளங்குச்சா உனக்கு?"ன்னான். அவன் என்னத்தைக் கேட்டான்னு எனக்குப் புரியல. நேபாளிப் பயலும் அப்படித்தான், பாதியை முழுங்கிட்டுப் பேசுவான்.

முதலாளி வந்தான். நான் முன்னால போயி நின்னேன். அப்பாவை உசுரோட பாக்குறதும் பாக்காததும் இதுலதான் இருக்கு. பூர்ணாவை வச்சுச் சொன்னேன். "இந்த கவ்ரிலாவால தூக்க முடியாத ஒண்ணை நான் காட்டுறேன். தூக்கிட்டான்னா அடுத்த கோடைக்கும் நான் இங்கயே கிடக்கேன். தூக்கலேன்னா இன்னைக்கே பாஸ்போட்டைக் குடுத்து என்னைய ஊருக்கு விட்றணும்."

முதலாளிக்குச் சிரிப்பு. ஜீப்பைத் தூக்குனதைக் கண்ணால பாத்தவன்ல. "என்னத்தைத் தூக்கணும்?" "ஒரு கம்பளி." அவனுக்குக் கண்ணுல தண்ணி வர்ற அளவுக்குச் சிரிப்பு. அப்புறம் கொஞ்சம் யோசிச்சான், டவுன்காரன்ல. "அவன் தோத்து நீ போயிட்டா, பால் யாரு கறக்கிறது?"ன்னான். கவ்ரிலா முன்னால வந்து தன் நெஞ்சுல ரெண்டு தட்டுத் தட்டிக் காமிச்சான். நான் கறக்கிறேன், இவன் பங்கையும் நானே கறக்கிறேன்ங்கிறான். திமிரைப் பாத்தீகளா. தோக்கவே மாட்டோம்ங்கிற திமிரு. "பந்தயத்துக்குச் சம்மதமா?"ன்னு முதலாளி கேட்டான். "தா"ன்னான்.

அதுக்கப்புறம் நடந்ததைத்தான் நீங்க நம்ப மாட்டீக. அவனே தோள்ல கிடந்த கம்பளியை எடுத்தான். அவனே கீழ விரிச்சான். அவனே போயி நட்டநடுவுல நின்னுக்கிட்டான். நில்லுன்னு நான் இன்னும் வாயைத் திறக்கவே இல்ல. முந்தின நாள் சொன்ன கதை, அதுவும் ரெண்டு தடவை சொன்ன கதை, அந்தப் பயலுக்கே மறந்துபோச்சு தம்பி. அறிவு இருந்தா மறக்குமா?

"காலை எடுக்காமத் தூக்கு"ன்னேன். குனிஞ்சான். ரெண்டு முனையையும் பிடிச்சான். இழுத்தான் பாருங்க, கழுத்து நரம்பெல்லாம் புடைக்குது, மூஞ்சி மொளகாப்பழமாச் செவந்துபோச்சு. அரக்கன் முக்குன மாதிரியே முக்குறான். நாயெல்லாம் குரைக்குது. கடைசியில கம்பளி டர்ருனு கிழிஞ்சு, அவன் பின்னால சேத்துல மல்லாந்து விழுந்தான். கை மடங்கி விழுந்துட்டான் போல, மணிக்கட்டு அங்கயே வீங்கிருச்சு. முதலாளி அவனை என்னென்னமோ வைதான். இவன் எந்திரிக்காம சேத்துலயே கிடந்து கெக்கெக்கேன்னு சிரிக்கிறான். தோத்ததுகூடத் தெரியாத ஆளு.

அந்த ஊர்ல பந்தயம்னா பந்தயம்தான், மாத்த மாட்டான். முதலாளி மூஞ்சியைத் தொங்கப் போட்டுக்கிட்டு, "ஏறு"ன்னான். பையைத் தூக்கிக்கிட்டு ஓடுனேன். என் பையைப் பிடுங்கி கவ்ரிலாவே ஜீப்பு வரைக்கும் சுமந்தான், வீங்காத கையில. தோத்தவன் சுமக்கணும்ல. ஜீப்புல ஏறி உக்காந்ததும் எனக்கு அத்தனை மாச எரிச்சலும் தொண்டைக்கு வந்துச்சு. "போடா"ன்னேன். நல்லாச் சத்தமாவே சொன்னேன். அதுக்கும் 'தா, தா'ங்கிறான். இன்னும் என்னத்தைத் தர்றது இவனுக்கு?

அதோட விட்டானா? ஜீப்புக் கம்பியைப் பிடிச்சுக்கிட்டு பூர்ணாகிட்ட என்னமோ கேட்டான், பூர்ணா அவன் காதுல என்னமோ சொன்னான். உடனே இவன் நெஞ்சுல கையை வச்சுக்கிட்டு, ரொம்ப மெதுவா, எழுத்துக் கூட்டிப் படிக்கிற பிள்ளை மாதிரி, "அப்...பா"ங்கிறான். "அப்பா"ங்கிறான். என் பக்கம் கையைக் காமிச்சு மறுபடியும் "அப்பா"ங்கிறான். எனக்கு அலுத்துப் போச்சு. தண்ணி இருக்குடா சாமின்னு பாட்டிலை ஆட்டிக் காமிச்சேன். ஜீப்பு கிளம்பிருச்சு.

வந்து சேந்தேன் தம்பி. எங்க அப்பாவை உசுரோட பாத்தேன். அந்த ஒண்ணு போதும் எனக்கு. வாசல்ல செருப்பைக் கழட்டும்போதே, "பூவலிங்கமா"ன்னாக, கண்ணைத் திறக்காமலே. நான் காலைப் பிடிச்சுக்கிட்டு அழுதேன். அவுக கீதாரிப் புத்தி போகல. குழறிக் குழறிக் கேக்குற முத கேள்வி என்ன தெரியுமா? "ஆட்டை யாருகிட்டடா விட்டுட்டு வந்தே?"

சிரிக்கட்டுமேன்னு முழுக் கதையையும் சொன்னேன். தண்ணி கொண்டாந்தது, அரக்கன் கதை, பந்தயம், சேத்துல விழுந்தது, எல்லாத்தையும் நடிச்சே காமிச்சேன். தங்கச்சி விழுந்து விழுந்து சிரிக்குது. அவுக சிரிக்கல. "அந்தக் கதையை உனக்குச் சொன்னது யாரு?"ன்னு கேட்டாக. அந்தப் பயதான்பா, அவனேதான்னேன். "யாரு கம்பளி?" அவன் கம்பளிதான்னேன். "இப்ப உன் பங்கையும் அவன்தான் கறக்கிறானா?" ஆமா, வீங்குன கையோடன்னேன். அவுக கண்ணுலருந்து தண்ணியா வடியுது. பக்கவாதம் வந்தா அப்படி வடியும்னு டாக்டர் முன்னமே சொல்லியிருந்தாரு. துடைச்சு விட்டேன்.

அன்னைக்குச் சாயங்காலம் என்னையக் கூப்பிட்டு, "அவன் பேருக்கு ஒரு குட்டி விடுறா"ன்னாக.

சாமிக்குத்தான் தம்பி நாங்க குட்டி நேந்து விடுவோம். மனுசன் பேருக்கு விட்டு நான் கேட்டதே இல்ல. அதுவும் தோத்துப் போன மடையன் பேருக்கா? விடுறதுக்கு ஆட்டுக்கிடைதான் எங்க இருக்கு, நான் பிளேன் ஏறுறதுக்கே வித்தாச்சு. அதெல்லாம் அவுகளுக்குத் தெரியும், தெரிஞ்சும் சொல்றாக. சரி, நெனவு தப்ப ஆரம்பிச்சிருச்சுன்னு நெனைச்சுக்கிட்டு, "விடுறேன்பா"ன்னேன். "பேரென்ன?"ன்னாக. கவ்ரிலான்னேன். அந்தப் பேரை வாய்க்குள்ள சொல்லிப் பாத்தாக, சரியா வரல. அதுக்கப்புறம் வேற பேச்சே இல்ல. போன பங்குனியில முடிஞ்சு போச்சு.

அதான் தம்பி, இப்ப எட்டயபுரம் சந்தைக்குப் போயிக்கிட்டு இருக்கேன். இந்தா, அடுத்த நிறுத்தம்தான். எதுக்குன்னு நீங்க கேட்டா எனக்கே சொல்லத் தெரியாது. செத்தவுக வாக்கைத் தட்டக் கூடாதுல்ல, அவ்வளவுதான். கெடாவா, பெட்டையான்னு அவுக சொல்லாமப் போயிட்டாக. கெடான்னா என்னைக்கோ ஒரு நாள் வெட்டுக்குப் போயிரும். பெட்டையாவே பாத்து வாங்கிருவோம்னு இருக்கேன். பெட்டைன்னா அவன் பேருல பெருகும்.